ஒயினுக்குத் தொட்டுக்கொள்ள மேட்டூர் மீனா, தட்டுவடை செட்டா?

பெங்களூரிலிருந்து வந்த மச்சான் பையிலிருந்து ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலை எடுத்து வைத்தார். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரமாக விளையும் அல்பரீனோ திராட்சையில் செய்தது. அங்கே மழை ஜாஸ்தி. ஈரத்தில் பழம் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று கருங்கல் தூண் நட்டு, நம்மூர்ப் புடலைப் பந்தல் மாதிரி கொடியை மேலே படரவிடுகிறார்கள். குடித்தால் இனிப்பே தெரியாது. எலுமிச்சைப் புளிப்பு, கடைசியில் லேசாக ஓர் உப்புக்கரிப்பு. கூடவே நாசிக்கின் சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒன்றும் இருந்தது. பச்சைப்புல் வாசமும் நல்ல புளிப்பும் உண்டு, ஆனால் அந்தக் கரிப்பு இல்லை. விலையைப் பார்த்தால் நாசிக்கே போதும். அன்றைக்கு ஓசியில் கிடைத்ததால் அல்பரீனோ.

ஜனவரி மாத ஏற்காடு. சேலத்தில் மே மாதம் இதே பாட்டிலைத் திறந்தால் சீக்கிரமே வெதுவெதுப்பாகி வீணாகிவிடும். இங்கே ஜன்னலோரம் வைத்தாலே போதும்.

கடலோர ஒயினுக்கு மீன்தான் என்பது மச்சான் கட்சி. மேட்டூர் அணை ஜிலேபி மீனை வாங்கி, கடைக்காரர் தடவித் தந்த சிவப்பு மசாலாவோடு வறுத்தோம். முதல் வாய்க்கே ஒயின் தோற்றது. மிளகாய்க் காரத்தின் மேல் ஆல்கஹால் பட்டால் எரிச்சல் ஏறும், பழவாசம் காணாமல் போகும். அடுத்த துண்டுகளில் மசாலாவை வழித்துவிட்டு, மஞ்சளும் உப்பும் கொஞ்சம் மிளகும் மட்டும் தடவினோம். இப்போது சரி. வறுத்த மீனில் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை ஒயின் செய்தது. புளிக்குழம்பு பக்கம் மட்டும் போகாதீர்கள். சாப்பாடு ஒயினை விடப் புளித்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும்.

என் கட்சி தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்த சேலத்து நொறுக்குத்தீனி. முன்பொரு முறை கடையிலேயே செட் போட்டு வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் நமத்த அப்பளமாகிவிட்டது. இந்த முறை தட்டை தனி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் தனி, சட்னிகள் தனி. சிவப்புச் சட்னியைத் தொட்டுக்கொள்ளும் அளவு, பச்சைச் சட்னியைத் தாராளமாக. எண்ணெயில் பொரித்த தட்டையின் வழவழப்பை ஒயினின் புளிப்பு துடைத்தெடுத்தது, தட்டையின் உப்பு அந்தப் புளிப்பைத் தணித்தது. ஒவ்வொரு மடக்குக்கும் இன்னொரு தட்டை கேட்டது நாக்கு. இதில் மீன் தோற்றது, மச்சானே ஒப்புக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் படம் எது என்பதில்தான் இழுபறி. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தான் வந்தோம், அதனால் அவர்கள் படமே என்று முடிவாகியிருந்தது. 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கேவாகலர் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்த படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆர்., பானுமதி, பாட்டு, கூத்து. எழுந்துபோய்ச் சட்னி எடுத்து வந்தாலும் எதுவும் தவறாது. தட்டுவடைக்கு அதுதான் பொருத்தம். 1950-இன் ‘மந்திரி குமாரி’ அப்படியல்ல. கருணாநிதியின் வசனத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தட்டையைக் கடிக்கும் சத்தத்தில் பாதி வசனம் போய்விடும். அதற்கு ஓசைப்படாத மீன்தான் நல்லது.

இருந்தும் என் பிடிவாதத்தில் ‘மந்திரி குமாரி’யைப் போட்டேன். குண்டலகேசிக் கதையிலிருந்து வந்த அந்த மலையுச்சிக் காட்சி. தன்னைத் தள்ளிவிடப்போகும் கணவனை மனைவி சுற்றி வருகிறாள். மச்சான் கையில் பாதி கடித்த தட்டை அப்படியே நின்றது. மூன்றாவது சுற்று முடிந்து அவன் கீழே விழுந்த பிறகுதான் ‘கறுக்’ என்று சத்தம் கேட்டது.