நாலு வருஷ ஸ்மார்ட் ஹோம்: எது மிஞ்சியது, எதைக் கழற்றினோம்

2021 ஏப்ரலில் விடுமுறைக்கு வந்த என் வீட்டுக்காரர், அமீரகத்துக்கு விமானம் நின்றுபோனதால் ஆகஸ்ட் வரை எங்கள் மதுரை திருநகர் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். அந்த நாலு மாதத்தில், போனில் இருந்தே போட்டு அணைக்கும் ஒன்பது ஸ்மார்ட் பல்பு, நாலு ஸ்மார்ட் பிளக், ஹாலில் சொன்னதைக் கேட்டுச் செய்யும் அலெக்ஸா ஸ்பீக்கர் ஒன்று, வாசலில் ஒரு கேமரா என்று மாட்டிவிட்டு துபாய்க்குக் கிளம்பிவிட்டார். மாட்டியது அவர்; அதோடு குடித்தனம் நடத்தியது நானும் மாமாவும் அத்தையும். சுவரில் இன்னும் எது இருக்கிறது, எது அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பரணில் கிடக்கிறது என்ற கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பரணுக்குப் போனவை பல்புகள். ஸ்மார்ட் பல்புக்கு எந்நேரமும் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சுவர் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டால் போனில் எத்தனை தடவை தட்டினாலும் அது எரியாது. மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அறையை விட்டு வெளியே வரும்போது அவர் கை தானாக ஸ்விட்ச்சுக்குப் போகும், ஐம்பது வருஷப் பழக்கம். ஸ்விட்ச் மேல் 'அணைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு அணைத்திருந்தார். "அணைக்கக் கூடாதுன்னா அங்க எதுக்குத்தா ஸ்விட்ச் இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதைவிடக் கொடுமை ராத்திரி நடந்தது. மூன்று மணிக்குப் போன கரண்ட் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. ஒன்பது பல்பும் ஒரே நேரத்தில் முழு வெள்ளை வெளிச்சத்தில் எரிந்தன. அத்தை திருடன்தான் வந்துவிட்டான் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். கரண்ட் வந்ததும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஆப்பில் ஒரு அமைப்பு உண்டு. பெரும்பாலும் 'எரி' என்றுதான் வைத்து அனுப்புகிறார்கள். அதை 'முன்பு இருந்த நிலை' என்று மாற்ற வேண்டும். இன்று யாராவது ஸ்மார்ட் பல்பு வாங்கினால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பல்புக்குப் பதிலாக, ஸ்விட்ச்சுக்குப் பின்னால், பெட்டிக்குள் வைக்கும் சின்ன ரிலே மாட்யூல்களுக்கு, அதாவது கட்டளை வந்தால் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் குட்டிக் கருவிகளுக்கு, மாறினோம். பல்பு சாதாரண எல்.இ.டி. ஸ்விட்ச்சும் பழைய ஸ்விட்ச்சே. மாமா தட்டினாலும் எரியும், போனில் தட்டினாலும் எரியும், இன்டர்நெட் செத்துப்போனாலும் எரியும். அன்றோடு வீட்டில் இந்தச் சண்டை முடிந்தது.

ஆனால் இதற்குப் போர்டில் நியூட்ரல் ஒயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், வேண்டும். எங்கள் வீடு 2008-ல் கட்டியது. பிளக் பாயின்ட் உள்ள போர்டுகளில் நியூட்ரல் இருந்தது, வெறும் ஸ்விட்ச் மட்டும் உள்ள போர்டுகளில் இல்லை. நியூட்ரல் இல்லாமலே ஓடும் மாட்யூலும் கிடைக்கிறது. ஒரு அறையில் போட்டுப் பார்த்தோம். அணைத்த பிறகும் பல்பு மின்மினி மாதிரி மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. பல்போடு ஒரு குட்டிக் கப்பாசிட்டரைச் சேர்த்த பிறகுதான் அடங்கியது. எலக்ட்ரீசியன் தம்பி, "அக்கா, புது வீடுன்னா எல்லாப் போர்டுக்கும் நியூட்ரல் இழுத்து, ஆழமான பெட்டியா வைக்கச் சொல்லிருங்க, பாதி வேலை மிச்சம்" என்றார். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சரி, மோட்டார் கதைக்கு வருகிறேன். இத்தனை செலவில் நியாயமான செலவு இது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் பெரிய விபத்து நடந்ததும் இதில்தான்.

எங்கள் சம்பில் இருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு 1 ஹெச்.பி. மோட்டார். தொட்டி 1000 லிட்டர், நிரம்ப அரை மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகும். போட்டுவிட்டு மறந்துபோவதும், மாடியில் இருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஓடுவதும் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. இவர் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஒன்றை மாட்டி, அரை மணி நேரத்தில் தானாக அணையும்படி வைத்தார். ஏழெட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டுகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. துபாயில் இருந்து அவர், "அணைச்சிட்டேனே, ஆஃப்ல தான இருக்கு" என்கிறார். இங்கே மாடியில் இருந்து அருவி. மாமா போய் மெயினை இறக்கினார். பிளக்கைக் கழற்றினால் பின்பக்கம் பிளாஸ்டிக் உருகியிருந்தது.

எலக்ட்ரீசியன் தம்பி வந்து பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். ஓடும்போது மோட்டார் 6 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிளக்கில் போட்டிருக்கும் 16 என்பது கீசர் மாதிரி ஒரே சீராக இழுக்கும் சாமானுக்கான கணக்கு. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் உள்ளே பொறி பறந்து, கடைசியில் ரிலேயின் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்புறம் அதற்கு எந்தக் கட்டளை கொடுத்தாலும் விடாது.

டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு காண்டாக்டர் வாங்கினோம்; மோட்டார் மாதிரிப் பாரத்துக்கென்றே உள்ள கனமான ரிலே அது. இப்போது ரிலே மாட்யூல் காண்டாக்டருக்குச் சைகை மட்டும் கொடுக்கும். மோட்டாரின் பாரத்தைத் தாங்குவது காண்டாக்டர். ஓவர்லோடு பார்க்கப் பழைய ஸ்டார்ட்டர் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஆட்டோ, மேனுவல் என்று திருப்பும் ஸ்விட்ச் ஒன்று. அத்தைக்கு எப்போது சந்தேகம் வந்தாலும் மேனுவலுக்குத் திருப்பிப் பச்சைப் பட்டனை அழுத்திக்கொள்வார். வேண்டுமென்றே அப்படி வைத்தோம்.

தண்ணீர் மட்டத்துக்கு முதலில் தொட்டி மூடியில், ஒலி அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்தோம். கிராபில் பார்க்க அழகாக இருந்தது. சித்திரை வெயிலில் தொட்டிக்குள் ஆவி கட்டி, சென்சார் முகத்தில் நீர்த்துளி படிந்து, பாதித் தொட்டியை முழுத் தொட்டி என்று சொல்ல ஆரம்பித்தது. குளிக்கும்போது தண்ணீர் நின்ற அனுபவம் இரண்டு தடவை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ஃப்ளோட் ஸ்விட்ச்சுக்கு, அதாவது மிதவை ஸ்விட்ச்சுக்கு, வந்தோம். மேலே ஒன்று, சம்பில் ஒன்று. சம்பில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் கிளம்பாது, வெறும் காற்றில் ஓடிக் கெட்டுப்போகாது. இரண்டு மிதவையும் பொய் சொன்னாலும் 40 நிமிஷத்தில் அணைந்துவிடும்படி தனிக் காவல் ஒன்றும் உண்டு. மூன்று வருஷமாகத் தொட்டி வழியவில்லை.

நடுவில் இன்னொரு பாடம். வாசல் கேமராவும் இரண்டு பிளக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் ஆப்பில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாள் அந்த ஆப் திறக்கவே இல்லை. கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. பொருள் நம் சுவரில், மூளை எங்கோ இருக்கிற சர்வரில் என்றால் இதுதான் கதி. அதன் பிறகு இவர் எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு மாற்றினார். 2013-ல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கணினியில் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இன்டர்நெட் போனாலும் மோட்டார் கணக்கு நிற்காது.

இதற்கும் பராமரிப்பு உண்டு, யாரும் சொல்வதில்லை. முதலில் இருந்த மெமரி கார்டு ஒன்றரை வருஷத்தில் செத்தது. ஓயாமல் எழுதி எழுதி அழிந்துவிடுமாம். இப்போது அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டிருக்கிறோம். அந்தக் குட்டிக் கணினியை முதலில் பரணில் வைத்திருந்தோம். மே மாதம் மொட்டைமாடிக்கு அடியில் இருக்கும் வெக்கையில் சூடு 80 டிகிரியைத் தொட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஸ்விட்ச்சுகள் எல்லாம் தூங்கி வழியும். ஹால் அலமாரிக்கு இறக்கி, வைஃபை பெட்டியோடு இன்வர்ட்டர் லைனில் கொடுத்த பிறகு தொந்தரவு இல்லை. சென்சார்களோடு ஒயரில்லாமல் பேச உதவும் ஜிக்பீ டாங்கிளை நேராகக் கணினியில் சொருகக் கூடாது, ஒரு மீட்டர் யு.எஸ்.பி. ஒயர் வைத்துத் தள்ளி வைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. பக்கத்தில் இருக்கும் யு.எஸ்.பி. 3 சொருகியே சிக்னலைக் கெடுக்கிறது. மென்பொருளுக்கு மாதாமாதம் புதுப் பதிப்பு வரும். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை, இவர் லீவில் வந்திருக்கும்போது மட்டும்தான் மாற்ற விடுகிறேன்.

வைஃபை பெட்டியை மாற்றும்போது பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதுப் பெட்டிக்கு வைத்துவிடுங்கள். இந்த மாட்யூல்கள் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசுபவை. பெயர் மாறினால் ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூலில் ஏறி நின்றவள் சொல்கிறேன்.

ஆள் நடமாட்டம் பார்த்து லைட் போடும் சென்சார்கள் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கட்டில் ஒன்று இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பல்லி அதன் மேல் ஏறினால் மட்டும் நள்ளிரவில் எரியும். குளியலறையில் வைத்ததுதான் தப்பு. உடல் சூட்டை வைத்து ஆளைப் பார்க்கும் சாதாரண பி.ஐ.ஆர். சென்சாருக்கு அசைவு மட்டும்தான் தெரியும், அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தெரியாது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உசிலம்பட்டியில் இருந்து வந்திருந்த பெரியப்பா உள்ளே இருக்கும்போது, மூன்றாவது நிமிஷம் லைட் அணைந்துவிட்டது. "யார்றா அது அணைச்சது!" என்ற குரல் தெரு வரைக்கும் கேட்டது. அன்றைக்கே கழற்றினேன்.

அலெக்ஸா இங்கே ஆங்கிலமும் இந்தியும் கேட்கும், தமிழ் கேட்காது. "நம்ம வீட்டுல கரண்டு தின்னுக்கிட்டு நம்ம பேச்சு புரியலைன்னா எப்படி" என்று அத்தை அதோடு பேசுவதையே விட்டுவிட்டார். இப்போது அது பாட்டுப் பெட்டி. இவருக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறேன். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ஒன்பதரைக்கு வேலை முடித்து உட்கார்ந்து, இங்கே பதினோரு மணிக்கு வராண்டா லைட் எரிவதைப் பார்த்து, அங்கிருந்தே அணைத்துவிடுவார். வராண்டாவில் அத்தை துணி மடித்துக்கொண்டிருப்பார். இப்போது அவர் போனில் பார்க்கத்தான் முடியும், தட்ட முடியாது.

கரண்ட் பில் குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்தது, ஆனால் இதனால் இல்லை. ஒவ்வொரு மாட்யூலும் சும்மா இருக்கும்போதே ஒரு வாட் வரை தின்னும். இருபது மாட்யூல் என்றால் இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 29 யூனிட் வரை. அதே சமயம் 75 வாட் பழைய ஃபேனை எடுத்துவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால், நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனுக்கே இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினோம். 500 யூனிட்டைத் தாண்டினால் முன்னால் உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விலை கூடும் என்பதால், கோடையில் அந்தக் கோட்டுக்குள் நிற்க இதுதான் உதவியது. பணம் மிச்சம்தான் நோக்கம் என்றால் ஃபேனை மாற்றுங்கள், ஆப்பெல்லாம் வேண்டாம்.

இத்தனையிலும் தெருவில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. சில நாள் விடியற்காலை நாலு மணிக்கு வந்து ஆறு மணிக்கு நின்றுவிடும். சம்புக்கு வரும் குழாயின் கீழே ஒரு வாளி, அதில் ஒரு குட்டி மிதவை, வாளி அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டை. குழாயில் தண்ணீர் விழுந்தால் வாளி நிறைந்து மிதவை எழும், என் போனில் மணி அடிக்கும். எங்களுக்காக வைத்தது. இப்போது எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடிக் குடித்தனம் எல்லோருக்கும் சேர்த்து 'தண்ணி வந்திருச்சு' என்று தகவல் போகிறது. போன வாரம் போகவில்லை. எதிர்வீட்டு அக்கா காலையிலேயே வாசலுக்கு வந்து, "என்னக்கா, உங்க மெஷினு தூங்கிருச்சா?" என்று அத்தையிடம் கேட்டுவிட்டார். போய்ப் பார்த்தால் மிதவையில் பாசி பிடித்து எழும்ப முடியாமல் கிடந்தது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். மாதம் ஒரு தடவை தேய்க்க வேண்டும் என்று மாமா தினசரிக் காலண்டரில் முதல் தேதித் தாள்களில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.