ஒரே பக்கெட்டில் பல வாடிக்கையாளர்: எஸ்3 பாவித்த அனுபவம்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தனியார் வைத்தியசாலை, ரியூட்டரி, கன்னாதிட்டிப் பக்கத்து நகைக்கடை என்று பலருக்கு ஒரே மென்பொருளை நடத்துகிறோம். ஸ்கான் படம், வினாத்தாள், அடகுச் சீட்டு எல்லாம் போய்ச் சேருவது அமேசானின் இணையவழிக் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3இன் மும்பைப் பிராந்தியத்துக்கு. சில வருடங்களாக ஓடுகிறது. வேகத்திலோ நம்பகத்திலோ குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவருடைய கோப்பு இன்னொருவர் கையில் அகப்படாமல் வைத்திருப்பதுதான் உண்மையான வேலை.

ஆளுக்கொரு பக்கெட் (எஸ்3இல் கோப்புகளைப் போட்டு வைக்கும் கொள்கலன்) கொடுப்பது அந்த நாளில் சரிவரவில்லை. ஒரு கணக்குக்கு வழமையான எல்லை 100 பக்கெட்தான். 2024 நவம்பரில்தான் அதை 10,000 ஆக்கினார்கள். ஆகவே எல்லோரையும் ஒரே பக்கெட்டில் போட்டு, கோப்புப் பெயரின் முன்பகுதியால் பிரித்தோம்.

இங்கேதான் கவனம் வேண்டும். எஸ்3இல் கோப்புறை என்று ஒன்று கிடையாது. ‘கடை-1/2024/சீட்டு’ என்பது முழுக்க ஒரே பெயர், சாய்கோடும் அதில் ஒரு எழுத்து. யாருக்கு எது திறக்கும் என்று சொல்லும் அனுமதி விதியான பாலிசியில் ‘கடை-1*’ என்று எழுதினால் கடை-10, கடை-17 எல்லாம் அதற்குள் வந்துவிடும். ‘கடை-1/*’ என்றால்தான் சரி. ஒன்பது வாடிக்கையாளர் இருக்கும்வரை இந்தப் பிழை வெளியே தெரியாது. பத்தாமவர் வந்த அன்றே கதவு திறந்துவிடும். அதனால் எங்கள் சோதனையில் கடை-1இன் டோக்கனால் (யார் கேட்கிறார் என்று காட்டும் மின்னணு அனுமதிச் சீட்டு) கடை-10இன் கோப்பைக் கேட்போம். ‘அனுமதி இல்லை’ என்ற 403 பதில் வந்தால்தான் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியே போகும்.

பட்டியலிடும் அனுமதி பக்கெட்டின் மீது, வாசிக்கும் அனுமதி கோப்பின் மீது. புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் குழம்புவது இதில்தான். பட்டியல் அனுமதி இல்லாதவர் இல்லாத கோப்பைக் கேட்டாலும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற 404 வராது, 403தான். பிழை தேடும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்பதைக்கூட வெளியார் அறிய முடியாது என்பதால் நான் அதை விரும்புகிறேன்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதை எங்கள் நிரலை மட்டும் நம்பி விடவில்லை. உள்நுழையும்போதே அந்த வாடிக்கையாளரின் அடையாளத்தை ஒட்டிய தற்காலிக டோக்கன் எடுக்கிறோம். பாலிசி அந்த அடையாளத்தைப் பார்த்தே வழிவிடும். பிறகு ஏதோ ஒரு திரையில் நிரல் தவறான பெயரைக் கேட்டாலும் எஸ்3 மறுத்துவிடும்.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பகிரும் லிங்க்குக்கு ஏழு நாள் வரை ஆயுள் கொடுக்கலாம் என்றாலும், டோக்கன் காலாவதியானால் லிங்க்கும் அதோடு செத்துவிடும். “அண்ணை, கனடாவில இருக்கிற மகனுக்கு அனுப்பின ஸ்கான் திறக்குதில்லையாம்” என்று வைத்தியசாலையில் இருந்து அழைப்பு வரும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற லிங்க்கை யார் கையில் இருந்தாலும் திறக்கலாம் என்பதால் ஆயுளைக் கூட்ட எனக்கு மனமில்லை. தொலைபேசிக்கு வரும் குறியீட்டை உள்ளிட்டால் புதிய லிங்க் தரும் ஒரு பக்கத்தைச் செய்து கொடுத்தோம்; அழைப்பு குறைந்தது.

வைத்தியசாலைகளைப் பிறகு தனிப் பக்கெட்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி மறைகுறியாக்கச் சாவியும் கொடுத்தோம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. சாவி ஒன்றுக்கு மாதம் ஒரு டொலர். நகைக்கடைகளுக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே சாவி போதும் என்பது என் எண்ணம். சாவியை அழிக்கச் சொன்னால் குறைந்தது 7 நாள் காத்திருப்பு உண்டு. அது முடிந்தால் பழைய பிரதிகள் உட்பட எதையும் திறக்க முடியாது.

சொந்த சேர்வர் வைத்திருப்பவர்கள், எஸ்3 போலவே கோப்புகளைச் சேமிக்கும் திறந்த மூல மென்பொருளான செஃப்பையும் (Ceph) பார்க்கலாம். 2016இல் வந்த ஜூவல் பதிப்பில் இருந்து அதில் வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. இரண்டு பேர் ஒரே பெயரில் பக்கெட் வைத்தாலும் மோதாது.

இன்றும் இடிக்கிற ஒன்று பில். செலவு பிரிக்கும் குறிச்சொல்லைப் பக்கெட்டுக்குத்தான் ஒட்டலாம், அதற்குள் இருக்கும் பெயர்ப் பிரிவுக்கு ஒட்ட முடியாது. எந்தக் கடை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை கோப்புகளின் பெயரும் அளவும் அடங்கிய எஸ்3இன் இன்வென்டரிப் பட்டியலை எடுத்து நாங்களே கூட்டித்தான் கட்டணம் எழுதுகிறோம்.