முகம் பார்த்து, சூடு பார்த்து, கேட்டும் திறக்குற மெஷின்: எச்எஸ் கோடு 8471-ஆ, 9025-ஆ, 8543-ஆ?

கொரோனா சமயத்துல ஆபீஸ், ஹாஸ்பிடல், ஃபேக்டரி வாசல்ல எல்லாம் ஒரு கம்பத்து மேல டேப்லெட் மாதிரி ஒண்ணு நின்னுச்சே, முகத்தைக் காட்டினா ஆளை அடையாளம் கண்டுபிடிச்சு, டெம்பரேச்சர் காட்டி, மாஸ்க் போடலைன்னா கத்தி, எல்லாம் ஓகேன்னா கேட்டைத் திறந்து, கூடவே அட்டெண்டன்ஸும் போட்டுடும், அந்த மெஷினைத்தான் சொல்றேன். கொரோனா போயிடுச்சு, மெஷின் போகலை. இறக்குமதிக்காக சுங்கத்துக்குக் கொடுக்குற பில் ஆஃப் என்ட்ரில எந்த எச்எஸ் கோடை, அதாவது டூட்டியை முடிவு பண்றதுக்காக சரக்கை வகைப்படுத்துற எண்ணை, எழுதுறதுங்கிற சண்டையும் போகலை. நாலு சிஎச்ஏ (சுங்க வேலையை முடிச்சுக் கொடுக்குற ஏஜென்ட்) கிட்ட கேட்டா நாலு பதில் வரும்: 8471, 8525, 8543, 9025, நடுவுல யாராவது 9106-ன்னும் சொல்வாங்க. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கு, அதுதான் தொல்லையே.

இறக்குமதி பண்றவங்க முதல்ல கை வைக்கிறது 8471, அதாவது கம்ப்யூட்டர் தலைப்பு (நாலு இலக்க கோடைத் தலைப்புன்னு சொல்வாங்க). காரணம் வெளிப்படை, உலக வர்த்தக அமைப்போட ஐடி ஒப்பந்தத்தால அங்க பேசிக் டூட்டி கிடையாது. "உள்ள ஆண்ட்ராய்டு ஓடுது, பிராசஸர் இருக்கு, மெமரி இருக்கு, அப்போ கம்ப்யூட்டர்தானே"ன்னு வாதம். கேக்க நல்லா இருக்கும், ஆனா நிக்காது. சுங்கக் கட்டண அட்டவணைல 84-ஆம் அத்தியாயத்தோட 6-ஆம் நோட் (2022-க்கு முன்னாடி அதுவே 5-ஆம் நோட்) கம்ப்யூட்டர்னா யூசர் தன் தேவைக்கு ஏத்த மாதிரி சுதந்திரமா புரோகிராம் பண்ணிக்க முடியணும்னு சொல்லுது, இந்த மெஷின்ல சப்ளையர் போட்டு லாக் பண்ணின ஃபர்ம்வேர்தான் பெரும்பாலும் ஓடும். அதைத் தாண்டினாலும் அதே நோட்டோட கடைசிப் பகுதி விடாது: கம்ப்யூட்டர் உள்ள இருந்தாலும் டேட்டா பிராசஸிங் அல்லாத தனி வேலை செய்யுற மெஷின் அந்த வேலைக்குரிய தலைப்புக்குத்தான் போகணும். கேட்டைத் திறக்குறது, காய்ச்சல் பாக்குறது ரெண்டுமே டேட்டா பிராசஸிங் இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கு, இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்லை. 2023 ஆகஸ்ட்ல டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) 8471-ல வர்ற லேப்டாப், டேப்லெட் மாதிரி ஐட்டங்களோட இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. டூட்டியை மிச்சம் பண்றதுக்காக "சார் இது டேப்லெட்தான்"னு நாமே எழுதிக் கொடுத்துட்டு, அப்புறம் இறக்குமதி அனுமதி (ஆத்தரைசேஷன்) எங்கன்னு கேட்டா முழிக்கிற நிலைமை வரும்.

அடுத்து 8525-ம் 9025-ம். நிஜமான இழுபறி இங்கதான். கேமரா தலைப்பு 8525, தெர்மாமீட்டர் தலைப்பு 9025. 16-ஆம் செக்‌ஷனோட (84, 85 அத்தியாயங்கள் அடங்குற பகுதி) முதல் நோட் 90-ஆம் அத்தியாயப் பொருள் எதுவும் என்கிட்ட வேண்டாம்னு தள்ளுது, 90-ஆம் அத்தியாயத்தோட முதல் நோட் டிவி கேமரா, டிஜிட்டல் கேமரா எல்லாம் 8525-க்குப் போன்னு திருப்பித் தள்ளுது. ரெண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கிட்டா பொருள் தெருவுலதான் நிக்கும்னு தோணும், ஆனா அப்படி இல்லை, இது முதன்மையா என்ன பொருள்னு முடிவு பண்ணின பிறகுதான் இந்த நோட்டுங்க வேலை செய்யும். அதுக்கான சாவி 16-ஆம் செக்‌ஷனோட 3-ஆம் நோட்: பல வேலை செய்யுற மெஷினை அதோட முதன்மை வேலையை வச்சு வகைப்படுத்து. 90-ஆம் அத்தியாயமும் தன்னோட 3-ஆம் நோட்ல இதையே எடுத்துக்குது.

8525 பத்தி என் கருத்து கறாரானது. கேமரா இருக்குறதால மட்டும் ஒரு பொருள் கேமரா ஆயிடாது. கேமராவோட வேலை படத்தைப் பிடிச்சு வெளிய அனுப்புறது இல்லைன்னா சேமிக்கிறது. இதுல படம் உள்ளேயே டேட்டாபேஸோட ஒப்பிடுறதுக்குத்தான் பயன்படுது, வெளிய வர்றது "இவரை உள்ள விடு"ங்கிற சிக்னல். சில மாடல்ல வீடியோவை சிசிடிவி ரெக்கார்டருக்கும் அனுப்பலாம், அந்த மாடலுக்கு சுங்க டிபார்ட்மென்ட் 8525-ன்னு பேசினா முழுசா தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அது ஓரத்து வசதிதான்.

9025-க்கு இதைவிட பலம் ஜாஸ்தி. கொரோனா நேரத்துல உலக சுங்க அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பட்டியல்லயே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் 9025.19-னு இருந்துச்சு, அதைக் காட்டி நிறைய சரக்கு வந்துச்சு. சூடு பாக்குறதுக்குன்னே செஞ்ச, நெத்தியோ மணிக்கட்டோ காட்டுற கம்ப மெஷின்னா, முகம் பாக்குறது கூடுதல் வசதியா இருந்தா, நானும் 9025-ன்னுதான் சொல்வேன். ஆனா இப்போ வர்ற மாடலைப் பாருங்க, டெம்பரேச்சர் மாட்யூல் தனியா மாட்டிக் கழட்டுற துண்டு, வேணும்னா வாங்கலாம். அதைக் கழட்டின பிறகும் மெஷின் முழுசா வேலை செய்யுதுன்னா அது எப்படி தெர்மாமீட்டர்? 9025 தலைப்புல "இந்தக் கருவிகளோட சேர்க்கை"ன்னு ஒரு வரி இருக்கேன்னு கேப்பாங்க, அது தெர்மாமீட்டர், பாரோமீட்டர், ஹைக்ரோமீட்டர் மாதிரி அதே தலைப்புக்குள்ள இருக்குறதுங்களோட சேர்க்கை மட்டும்தான், தெர்மாமீட்டரும் கேட்டும் சேர்ந்தது இல்லை.

முதன்மை வேலையை எப்படி நிரூபிக்கிறதுன்னா ஜெராக்ஸ் இந்தியா வழக்கைப் படிங்க, 2010-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. பிரிண்ட், ஸ்கேன், காப்பி எல்லாம் பண்ற மெஷினை டிபார்ட்மென்ட் 8479-ல மிச்சசொச்சமா தள்ளப் பாத்துச்சு, கோர்ட் பாகங்களையும் தயாரிப்புச் செலவையும் பாத்து ஏறக்குறைய 85 சதவீதம் பிரிண்டிங்குக்கே போகுதுன்னு சொல்லி 8471-ல வச்சுது. இதே கணக்கை நம்ம மெஷின்ல போட்டா வெப்பம் உணர்ற சென்சார் பக்கம் சின்னத் தொகை, டிஸ்ப்ளே, லென்ஸ், முகம் அடையாளம் காணுற போர்டு பக்கம்தான் பெருந்தொகை. இது 9025-க்கு எதிரா போற கணக்கு.

9106-ஐயும் சிரிச்சுத் தள்ள வேண்டாம். தலைப்புலயே எடுத்துக்காட்டா டைம் ரெக்கார்டர் இருக்கு, அட்டெண்டன்ஸ் மெஷின்னு விக்குற பொருளுக்கு அது பொருந்தும்னு ஒரு ஆபீஸர் சொன்னா பதில் தயாரா இருக்கணும். கடிகார மூவ்மென்ட் இல்லைன்னா சிங்க்ரனஸ் மோட்டார் இருக்கணும்னு நிபந்தனை இருக்கு, அதோட இங்க நேரம் குறிக்கிறது கேட்டைத் திறக்குறதோட பக்கவிளைவு. 8531, அலாரம் தலைப்பு, பேச்சுக்கே வேண்டாம், பீப் அடிக்கிற எல்லாம் அலாரம்னா மைக்ரோவேவ் அவனும் அலாரம்தான்.

கடைசியா 8543, 85-ஆம் அத்தியாயத்துல வேற எங்கயும் சொல்லாத, தனி வேலை உள்ள எலெக்ட்ரிக்கல் கருவி. மிச்சசொச்சத் தலைப்புன்னு கேவலமா பாப்பாங்க. டன்லப் இந்தியா வழக்குல சுப்ரீம் கோர்ட் பெத்தவங்க இருக்குற பொருளை மிச்சசொச்ச அனாதை இல்லத்துக்கு அனுப்பாதேன்னு சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, ஆனா அது குறிப்பிட்ட தலைப்புக்கு நியாயமான உரிமை இருக்குற பொருளுக்குத்தான். ஆளை அடையாளம் கண்டு உள்ள விடுறதுக்குன்னு எந்தத் தலைப்பும் பேர் சொல்லி இல்லையே. அதனால சூடு பாக்குறது துணை வசதியா இருக்குற டெர்மினலுக்கு என் ஓட்டு 8543.

பக்கத்து வீட்டுக்காரங்களைப் பாத்தா இது இன்னும் தெளிவாகும். பேக்கேஜ் ஸ்கேனர் எக்ஸ்ரே, நேரா 9022, சண்டையே இல்லை. மெட்டல் டிடெக்டர் வாசல் 8543, அதுல டெம்பரேச்சர் சென்சாரும் கேமராவும் ஒட்ட வச்சாலும் அது மெட்டல் டிடெக்டர்தான்.

எந்த வேலை முதன்மைன்னு சொல்லவே முடியலைன்னா வகைப்படுத்துறதுக்கான பொது விதிகள்ல விதி 3(சி), எண் வரிசைல கடைசியா வர்ற தலைப்பு. அதாவது 8543-க்கும் 9025-க்கும் நடுவுல முடிவு வரலைன்னா 9025 ஜெயிக்கும், அதனால முதன்மை வேலை இதுதான்னு காட்டுற வேலையை டிபார்ட்மென்ட் கிட்ட விட்டுட்டு சும்மா இருக்காதீங்க. சப்ளையரோட கேட்லாக்ல முதல் பக்கத்துல "ஃபீவர் ஸ்கிரீனிங்"னு பெருசா போட்டுட்டு பில்ல "ஆக்ஸஸ் கன்ட்ரோல்"னு எழுதினா உங்க வாதம் அங்கேயே செத்துடும். கேட்லாக், பாகங்களோட விலைப் பட்டியல், மாட்யூலைக் கழட்டினா எது ஓடும்னு ஒரு டெக்னிகல் ரைட்டப், இதெல்லாம் சரக்கு கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும்.

ஒரே மாடலைத் தொடர்ந்து கொண்டு வர்றவங்க அட்வான்ஸ் ரூலிங் (எந்த கோடுன்னு முன்கூட்டியே வாங்குற அதிகாரபூர்வ முடிவு) வாங்கிடுறது மேல். சுங்கச் சட்டம் 28எச் பிரிவுல விண்ணப்பிக்கணும், மூணு மாசத்துல பதில் தரணும்னு விதி, கிடைச்சா மூணு வருஷம் செல்லும், நடுவுல சட்டமோ விவரமோ மாறினா அதோட முடிஞ்சுது. பக்கத்துக் கடைக்காரர் வாங்கின ரூலிங் உங்களைக் காப்பாத்தாது, அது விண்ணப்பிச்சவருக்கு மட்டும். சரக்கு ஏற்கனவே துறைமுகத்துல நின்னுட்டு இருந்தா 18-ஆம் பிரிவுல புரொவிஷனல் அசெஸ்மென்ட் (தற்காலிக டூட்டி மதிப்பீடு) கேட்டு பாண்ட் கொடுத்து எடுங்க, இல்லைன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் டிமாண்ட் நோட்டீஸ் வரலாம், மறைச்சீங்கன்னு சொன்னா அது அஞ்சு வருஷம்.