வெள்ள ராத்திரியில் ஆளை யார் கூப்பிடலாம்? மூன்று சட்டங்களும் ஒரு கலெக்டரும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கும் மழையைவிட இது அதிகம். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துப்போனதால் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றது. உள்ளே சுமார் 800 பயணிகள். அவர்களுக்கு ஹெலிகாப்டரிலும் சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்த மாதிரி ராத்திரியில் மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு வரும் அழைப்புகளுக்கு நடுவே கலெக்டர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இருக்கிற ஆட்களில் யாரை, எந்த அதிகாரத்தில் தண்ணீருக்குள் அனுப்புவது? வெள்ளத்தில் நிற்பவருக்குச் சட்டப் பிரிவு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் போனவருக்கு அடிபட்டால், வர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், படகு உடைந்தால், மறுநாள் காலையில் முதலில் வரும் கேள்வி, ‘உன்னை யார் அனுப்பினது?’ என்பதுதான். அதற்கான பதில் சட்டத்துக்குச் சட்டம் மாறும்.

இந்தியாவில் இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 1968-ம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம், அப்புறம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக உள்ள ஊர்க்காவல் படைச் சட்டம். தமிழ்நாட்டின் ஊர்க்காவல் படைச் சட்டம் 1963-ல் வந்தது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, சரியாக ஒரு வருஷத்தில் வந்தது. மூன்றிலும் பல் அதிகம் உள்ளது இதற்குத்தான். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். 34-வது பிரிவின்படி எந்தத் துறையிடம் இருக்கும் பொருளையும் அவர் எடுத்துப் பயன்படுத்தச் சொல்லலாம், போக்குவரத்தை நிறுத்தலாம், ஒரு பகுதிக்குள் யாரும் போகக் கூடாது, வரக் கூடாது என்று தடுக்கலாம். 65-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. எழுத்து மூலம் உத்தரவு போட்டு கட்டடத்தை, வாகனத்தை, ‘வளங்களை’ கையகப்படுத்தலாம். காரணமில்லாமல் மறுப்பவருக்கு 51-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு; அந்த மறுப்பால் உயிர் போனால் இரண்டு ஆண்டு வரை. வேறு சட்டத்தோடு முரண்பட்டால் இதுவே மேலோங்கும் என்று 72-வது பிரிவு சொல்லிவிடுகிறது. 2020 மார்ச்சில் நாடு முழுவதையும் வீட்டுக்குள் உட்கார வைத்த மத்திய உத்தரவும் இந்தச் சட்டத்தின்கீழ் வந்ததுதான்.

சரி, இவ்வளவு இருந்தும் என்ன குறை? ஆள் இல்லை. இந்தச் சட்டம் உருவாக்கிய படை என்றால் தேசியப் பேரிடர் மீட்புப் படைதான். இன்று 16 பட்டாலியன்கள் இருக்கின்றன. நமக்கு அருகில் இருப்பது அரக்கோணத்தில் உள்ள நான்காவது பட்டாலியன். அங்கிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 600 கிலோமீட்டர். புயல் என்றால் நாலு நாள் முன்பே தெரியும், ஆட்களை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திவிடலாம். ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கும் மழைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் மாநிலப் பேரிடர் மீட்புப் படைக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதுவும் சம்பளத்துக்கு வேலை செய்யும் சீருடைக்காரர்களின் படை. உள்ளூர்த் தொண்டரை வரச்சொல்ல இந்தச் சட்டத்தில் தனியாக ஏற்பாடு எதுவும் இல்லை.

இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 65-வது பிரிவின் விளக்கத்தில் ‘வளங்கள்’ என்பதில் மனிதர்களும் அடக்கம் என்று ஒரு வரி இருக்கிறது. அதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் திடுக்கென்றது. ஜெனரேட்டர், ஜே.சி.பி. வரிசையில் மனிதரும். அடுத்ததாக 66-வது பிரிவுக்கு வந்தால், கட்டடத்தை எடுத்தால் அந்த வட்டாரத்து வாடகையைக் கணக்கிட்டு இழப்பீடு, வாகனத்தை எடுத்தால் நடப்புக் கட்டணத்தை ஒட்டி இழப்பீடு என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். மனிதரை எடுத்தால் என்ன கணக்கு? அந்தப் பிரிவில் பேச்சே இல்லை.

1968-ம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேர் எதிர். அது போர்க்காலத்தின் பிள்ளை; சீனப் போரும் 1965 பாகிஸ்தான் போரும் முடிந்த கையோடு வந்தது. வானிலிருந்தோ தரையிலிருந்தோ கடலிலிருந்தோ வரும் எதிரித் தாக்குதலிலிருந்து, சண்டை போடாமல் மக்களைக் காக்கும் வேலைதான் அதன்படி குடிமைப் பாதுகாப்பு. வெள்ளமும் பூகம்பமும் அதில் கிடையாது. நாற்பது வருஷம் கழித்துத்தான் திருத்தினார்கள். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், பேரிடருக்கு முன்பும் அதன்போதும் பின்பும் எடுக்கும் நடவடிக்கைகளையும் குடிமைப் பாதுகாப்பின் இலக்கணத்துக்குள் சேர்த்தது. ஆக, இன்றைக்கு வெள்ளத்துக்குத் தொண்டரை அழைக்க நேரடிச் சட்ட அதிகாரம் இருக்கிறது.

அந்த அதிகாரம் தெளிவானதும்கூட. மாநில அரசு ஒரு பகுதிக்குக் குடிமைப் பாதுகாப்புப் படையை அமைக்கலாம். அதன் தலைமைக்குக் ‘கட்டுப்பாட்டாளர்’ என்று பெயர். மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் குறைந்தவராக அவர் இருக்கக் கூடாது. உறுப்பினர்களைப் பயிற்சிக்கோ பணிக்கோ உத்தரவு போட்டு வரவழைக்கலாம். வேறு மாநிலத்துக்குக்கூட அனுப்பலாம். உறுப்பினரை நீக்கும் முறை, அதை எதிர்த்து மேல்முறையீடு எல்லாம் சட்டத்திலேயே இருக்கின்றன. அழைக்கிறவர் யார், வருகிறவர் யார் என்பதில் மயக்கம் இல்லை. இந்த விஷயத்தில் 2005 சட்டத்தைவிட இது ஒழுங்கானது என்பது என் எண்ணம்.

பல்தான் இல்லை. அழைத்தும் வராத உறுப்பினருக்கு 500 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து மறுத்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் வரை. 1968-ல் 500 ரூபாய் பெரிய தொகை. இன்று நாலு பேர் ஓட்டலில் சாப்பிட்டால் அதற்கு மேல் ஆகிவிடும். இதை ஒரு பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. தொண்டுக்கு வந்தவரை ஜெயிலைக் காட்டி வெள்ளத்தில் இறக்கி என்ன பயன்?

சிக்கல் வேறு இடத்தில். அமைத்த இடத்தில்தான் படை இருக்கும். எதிரி எங்கே குண்டு போடுவான் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்த இடங்கள்தான் பழைய குடிமைப் பாதுகாப்புப் பட்டியல்: துறைமுகம், அணுமின் நிலையம், எல்லையோர ஊர்கள். 2025 மே 7-ல் நாட்டின் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை நடத்தச் சொன்னபோது, தமிழ்நாட்டில் சைரன் ஒலித்தது சென்னையிலும் கல்பாக்கத்திலும். தாமிரபரணி எந்த ஊருக்குள் வரும் என்ற கணக்கு வேறு. சட்டத்தின் இலக்கணத்தை வெள்ளத்துக்கு மாற்றியவர்கள் வரைபடத்தைப் போருக்கே விட்டுவிட்டார்கள்.

ஊர்க்காவல் படை பற்றிச் சட்ட நுணுக்கமாகச் சொல்ல அதிகம் இல்லை. நடைமுறையில்தான் அதன் பலம். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரி மாணவர் என்று உள்ளூர் ஆட்கள், காக்கிச் சீருடை, எஸ்.பி. அலுவலகத்திலிருந்து ஒரு போன் போனால் ஒரு மணி நேரத்தில் ஸ்டேஷனில் ஆள். திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்பவரே வெள்ளத்திலும் கயிறு பிடிக்கிறார். பணியில் இருக்கும்போது சட்டத்தின் கண்ணில் அவர் பொது ஊழியர். நாள்படி உண்டு. நிரந்தர வேலை கேட்டு ஊர்க்காவல் படையினர் போட்ட வழக்கில், 2015-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் தொண்டர்களே, நிரந்தர ஊழியர்கள் இல்லை என்றது. கூடவே, ஒரு மாதம் முழுக்க வேலை பார்த்தால் போலீஸ்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் வரும்படி நாள்படியைக் கணக்கிடவும் சொன்னது.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. முதல் இரண்டு சட்டங்களிலும் கயிறு கலெக்டர் கைக்கே வரலாம். ஆணையத் தலைவர், கட்டுப்பாட்டாளர் என்று இரண்டு தொப்பிகள் ஒரே தலையில். ஊர்க்காவல் படையின் கயிறு நடைமுறையில் போலீஸ் பக்கம். கலெக்டரும் எஸ்.பி.யும் ஒரே வாட்ஸப் குழுவில் சுமுகமாக இருக்கும் மாவட்டத்தில் இது தெரியவே தெரியாது. இல்லாத மாவட்டத்தில் அரை நாள் போகும்.

ராணுவம்? பலர் அதைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 130-வது பிரிவும் இப்போது அதன் இடத்தில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149-வது பிரிவும் சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பதற்கானவை. வெள்ளத்துக்கு முப்படைகளை அனுப்பும் அதிகாரம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 35-வது பிரிவில், மத்திய அரசிடம் இருக்கிறது. கலெக்டர் கேட்கலாம், அந்தப் பிரிவின்படி அனுப்புவது டெல்லி.

இன்றைக்கே ஒரு கலெக்டர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? முதல் மூன்று மணி நேரத்துக்கு ஊர்க்காவல் படை, சந்தேகமே இல்லை. படகு, லாரி, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் 65-வது பிரிவு. ஆனால் வாய்மொழியாக வேண்டாம், தாளில். நீண்ட காலத்துக்கு, ஆற்றோர, கடலோர மாவட்டங்களில் 1968 சட்டத்தின்கீழ் படையை அமைக்க மாநில அரசுக்கு எழுதுங்கள். இப்போது உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி தரும் ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஊருக்கு ஊர் ‘முதல் நிலை மீட்பாளர்’ என்று பட்டியலும் இருக்கிறது. நல்ல ஆட்கள். ஆனால் அவர்கள் நிற்பது ஒரு திட்டத்தின் மேல். அவர்களையே குடிமைப் பாதுகாப்புப் படையில் பதிந்தால் அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

ஒருமுறை ஒத்திகை ஒன்றில் ‘காயம்பட்டவராக’ ஒரு மணி நேரம் வெயிலில் படுத்திருந்தேன். நெற்றியில் சிவப்பு மை, கழுத்தில் அட்டை. முடிந்ததும் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கினார்கள். பெயர், வயது, செல் நம்பர், பிஸ்கட் பாக்கெட் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கட்டம். எந்தச் சட்டத்தின்கீழ் அழைக்கப்பட்டோம் என்று தாளின் தலைப்பில் ஒரு வரிகூட இல்லை. ஸ்ட்ரெச்சர் தூக்கிய பையன் நிஜமாகவே தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். முதலுதவி செய்து அனுப்பினார்கள். நாலு நாள் கூலி போனதை யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

2018 ஆகஸ்டில் கேரளத்து மீனவர்கள் யார் அழைப்புக்கும் காத்திராமல் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்கு வந்தார்கள். பிறகு அந்த மாநில அரசு நாளொன்றுக்குப் படகுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகவும், உடைந்த படகைச் சரிசெய்து தருவதாகவும் அறிவித்தது. நல்ல மனசோடு செய்தது, சரி. ஆனால் கணக்கு அங்கேயும் படகுக்குத்தான். கலெக்டர் அலுவலகத்தில் 65-வது பிரிவு உத்தரவுக்கு மாதிரிப் படிவம் அச்சடிக்கும்போது, படகு எண்ணுக்குக் கீழே அதை ஓட்டிவருபவரின் பெயருக்கும் ஒரு வரி விடலாம்.