மூன்று வகைச் சேவையாளர்களும் எங்கள் காரைக்குடிக் கடையும்

தகவல் தொழில்நுட்பச் சேவை வழங்குவோரை ஐடிஐஎல் (ITIL) என்ற சேவை நிர்வாக வழிகாட்டித் தொகுப்பின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு மூன்றாக வகுத்தது: ஒரே பிரிவுக்காக உள்ளுக்குள் இயங்குவோர் முதல் வகை, பல பிரிவுகளுக்கும் பொதுவான உள்பிரிவு இரண்டாம் வகை, வெளி நிறுவனம் மூன்றாம் வகை. காரைக்குடியில் குடும்ப ஜவுளிக்கடையின் கணக்குகளைப் பார்த்துவரும் நான், 2012 முதல் மூன்று வகையாரிடமும் வேலை வாங்கியிருக்கிறேன்.

முதலில் கடைக்கென்றே ஒரு தம்பி இருந்தார். பில் பிரிண்டர் சிக்கினால் கல்லாவிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. சர்வரின் கடவுச்சொல்லைக் கேட்டு, அவருடைய முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு அவரையே அழைக்க நேர்ந்தது.

2017இல் கடை, கானாடுகாத்தான் விடுதி, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை மூன்றுக்கும் சேர்த்துப் பொதுப் பிரிவு ஒன்றை அமைத்தோம். செட்டிநாட்டு வீடுகளில் வளவு (நடு முற்றம்) பொதுவாக இருந்தாலும், மணமான மகனை வேறு வைத்து, அடுப்பையும் கணக்கையும் தனியாக்குவது வழக்கம். நாங்களோ வளவைப் பொதுவாக்கிவிட்டு அடுப்புக் கணக்கை மறந்தோம். மூன்றே கணினிகள் உள்ள பட்டறையும் மற்றவற்றுக்குச் சரிசமமாக மூன்றில் ஒரு பங்கைக் கட்டியது. பட்டறையைப் பார்க்கும் பெரியப்பா மகன் பேசுவதையே நிறுத்திவிட்டார். பிறகு அழைப்புகளை எண்ணிப் பங்கு பிரித்தோம். உடனே பட்டறையில் அழைப்பதைக் குறைத்துக்கொண்டு பழுதோடேயே ஓட்டினார்கள்.

2021 முதல் மதுரை நிறுவனம் ஒன்று பார்க்கிறது. ஆவணம், காப்பு நகல், இரவு நேரக் கண்காணிப்பு ஆகியவற்றில் முந்தைய இரண்டும் இதற்கு ஈடாகாது. ஒப்பந்தத்தில் மாதத்தில் 99.5 சதவீத நேரம் கணினி அமைப்பு இயங்கும் என்றிருந்ததைப் பார்த்துப் பெருமையாகத்தான் கையெழுத்திட்டேன். 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் நின்றுபோகலாம் என்று விட்ட அரை சதவீதம் என்பது 3 மணி 36 நிமிடம் என்று கணக்குப் பார்க்கும் நானே பெருக்கிப் பார்க்கவில்லை. 2023 நவம்பர் 11, தீபாவளிக்கு முந்தைய மாலை, பில்லிங் மூன்று மணி நேரம் நின்றது. கைப் பில் போட்டுச் சமாளித்தோம், வரிசையில் நின்ற பலர் சேலையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். மாத அறிக்கையில் 99.58 சதவீதம் என்று பச்சை நிறத்தில் வந்தது. அவர்கள் மீது தவறு சொல்ல ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

அடுத்த ஆண்டு புதுப்பித்தபோது, கடை திறந்திருக்கும் நேரத்தை மட்டுமே கணக்கிட வேண்டும் என்றும், ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் வாரங்களில் அவர்கள் ஆள் ஒருவர் கடையிலேயே உட்கார வேண்டும் என்றும் எழுதி வாங்கினேன். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். பேரம் பேசாமல் கொடுத்தேன்.