பிளாஸ்டிக் ஸ்ட்ரா: கேட்டால் தருவதா, அடியோடு தடுப்பதா?

கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் இயன் கால்டரன் முன்மொழிந்து 2018இல் சட்டமான மசோதா, முழுச் சேவை உணவகங்களில், அதாவது மேசைக்கே வந்து பரிமாறும் உணவகங்களில், வாடிக்கையாளர் கேட்டாலன்றிப் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தரக்கூடாது என்றது. அதே ஆண்டு ஜூலையில் சியாட்டில் நகரம் உணவகங்களில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவையே அடியோடு தடை செய்தது.

கால்டரன் மசோதாவின் முதல் வடிவில் 1,000 டாலர் அபராதத்துக்கும் ஆறு மாதச் சிறைக்கும் இடமிருந்ததால், ஒரு ஸ்ட்ராவுக்காகப் பரிமாறுபவரைச் சிறைக்கு அனுப்புவதா என்ற கண்டனம் எழுந்தது நியாயமே. நிறைவேறிய சட்டத்திலோ முதல் இரு மீறல்களுக்கு எச்சரிக்கை மட்டுமே. பின்னர் நாளொன்றுக்கு 25 டாலர், ஆண்டுக்கு அதிகபட்சம் 300 டாலர். துரித உணவகங்களைத் தொடாமல் விட்டதுதான் அதன் உண்மையான ஓட்டை.

தடை அந்த ஓட்டையை அடைக்கிறது. ஆனால் கை நடுங்குபவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் வளையும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஆடம்பரமன்று. சூடான பானத்தில் காகித ஸ்ட்ரா ஊறித் துவண்டுவிடும், உலோகமோ உதட்டைச் சுடும். சியாட்டில் மருத்துவத் தேவைக்கு விலக்கு அளித்தது உண்மைதான். எனினும் விலக்கு என்பது கடைக்காரருக்குத் தரப்பட்ட அனுமதியே தவிர, வாடிக்கையாளருக்கான உத்தரவாதமன்று.

2021இல் கலிபோர்னியா இயற்றிய மற்றொரு சட்டம் துரித உணவகங்களையும் ‘கேட்டால் மட்டும்’ என்ற விதிக்குள் கொண்டுவந்தபின், கால்டரனின் வழியே மேலானது என்பேன்.