அம்பாசிடர் ஹெட்லைட்: காசை முதலில் ஒயரில் போடுங்கள்

எங்கள் வண்டி 1977 அம்பாசிடர், மார்க் 3. அப்பா வாங்கியது. கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் என்பதால் வண்டிக்கு இன்னும் ஓய்வு கிடையாது. அப்பளக் கட்டுகளைத் திருநெல்வேலி டவுன் கடைகளில் இறக்கிவிட்டு, உளுந்து மூட்டையோடு திரும்பும்போது இருட்டிவிடும். பேட்டை தாண்டினால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழி முழுக்கப் பின்விளக்கு இல்லாத டிராக்டர், பெயின்ட் அழிந்த வேகத்தடை, நடுரோட்டில் அசை போடும் மாடு. பழைய ஹெட்லைட்டோ, எரிகிறதா என்று இறங்கிப் பார்த்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற நிலையில் இருந்தது. மூவாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஜங்ஷன் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன்.

அம்பாசிடர்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். 2014-லேயே வண்டி உற்பத்தி நின்றுபோனாலும் ஹெட்லைட்டுக்குப் பஞ்சமே இல்லை. அது 7 அங்குல வட்ட விளக்கு. ஜீப், ஜிப்சி, புல்லட் எல்லாவற்றுக்கும் அதே அளவுதான். அதனால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், விலையும் கட்டுக்குள் இருக்கும்.

கடைப் பையன் முதலில் எடுத்து வைத்தது 100/90 வாட்ஸ் பல்ப், அதாவது ஹை பீமுக்கு 100, டிம்முக்கு 90. "போட்டா பகல் மாதிரி இருக்கும் சார்." கல்லாவில் இருந்த அண்ணாச்சி நிமிராமலே, "டைனமோ வண்டியால? ஒயர் பொசுங்கிரும்லா" என்றார். கணக்கு நேரானது. நூறு வாட்ஸ் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் பதினாறு, பதினேழு ஆம்பியர். இன்ஜினோடு சுற்றி கரண்ட் தரும் என் வண்டி டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே இருபத்திரண்டு ஆம்பியர்தான் தரும். வைப்பர், டெயில் லைட், இக்னிஷன் எல்லாம் மிச்சத்தில் பிழைக்க வேண்டும். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். போதாததற்குச் சட்டப்படியும் செல்லாது.

அண்ணாச்சி சொன்ன வழி ரிலே கிட். ரிலே என்றால் சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். மதிப்புரை என்று நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

பழைய அம்பாசிடரில் ஹெட்லைட் கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக பல்புக்குப் போவதில்லை. டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, காலால் அமுக்கும் டிம் சுவிட்சுக்கு இறங்கி, அப்புறம் பானெட்டுக்குள் நுழைந்து முன்னால் போகிறது. ஒவ்வொரு சுவிட்சிலும், களிம்பு பிடித்த ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் வோல்ட் செத்துப்போகும். என் வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 12.8 காட்டிய மீட்டர், பல்ப் ஹோல்டரில் 10.8 காட்டியது. இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்புகளில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். அப்படிப் பார்த்தால் என் பல்ப் பாதி வெளிச்சத்தில்தான் இவ்வளவு நாளும் எரிந்திருக்கிறது. இந்த லட்சணத்தில் எந்த பல்பை மாட்டினாலும் காசுக்குக் கேடு.

ரிலே போட்டபின் பழைய சுவிட்ச் வெறும் உத்தரவு மட்டும் கொடுக்கும். பல்புக்கு வேண்டிய கரண்ட் தடித்த ஒயர் வழியாக பேட்டரியிலிருந்து நேரே போகும். மாட்டியபின் ஹோல்டரில் 12.5. டிம் சுவிட்ச் சூடாவதும் நின்றது. கிட் எழுநூறு ரூபாய்க்குள் வந்தது: இரண்டு ரிலே, பீங்கான் ஹோல்டர், ஃபியூஸ், ஒயர். பழைய மூன்று முள் பிளக்கில் அப்படியே சொருகலாம், ஒயரை வெட்ட வேண்டியதில்லை. குறை சொல்வதென்றால் இரண்டு. ஃபியூஸ் பெட்டி மட்டமான பிளாஸ்டிக். வேறு வாங்கிப் போட்டேன். எர்த் ஒயர் நீளம் பற்றவில்லை. நீட்டித்து, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் இறுக்க வேண்டியிருந்தது. எர்த் சரியில்லை என்றால் மற்ற வேலை எல்லாம் வீண்.

அடுத்து விளக்கு. ரிஃப்ளெக்டர் மங்கிவிட்டதால் எச்4 பல்ப் (ஹை பீம், டிம் இரண்டுக்கும் ஒரே பல்ப்) ஏறும் லூமாக்ஸ் விளக்கு ஒரு ஜோடி, பிலிப்ஸ் 60/55 பல்ப் இரண்டு வாங்கினேன். கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று பாருங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். டிம் வெளிச்சம் இடப்பக்கம் ஓரமாக மேலேற வேண்டும். வலப்பக்கம் ஏறுகிற வெளிநாட்டு அச்சு கண்ணாடியும் சந்தையில் வருகிறது. அது எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும்.

எல்.இ.டி.? என் மச்சான் ஜீப்பில் போட்டிருக்கிறான். பழைய ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகினால், இழை இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் பிறக்காது. சிதறி எல்லாப் பக்கமும் பாயும். முழு விளக்காகவே வருகிற 7 அங்குல எல்.இ.டி.யில் நல்லது உண்டு, ஆனால் அது என் பட்ஜெட்டுக்கு மேலே. விலை குறைந்தவற்றில் பல, வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்க ஜீப்பை மனதில் வைத்துச் செய்தவை; அதனால் டிம் வெளிச்சம் நமக்கு ஏற்றபடி விழாது. பிசான நெல் வயலுக்கு நடுவே போகும்போது அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கும் பூச்சி தனிக் கதை. குற்றாலச் சாரலிலும் எனக்கு மஞ்சள்தான் கண்ணுக்கு இதம். அம்பாசிடர் முகத்தில் அந்த நீல வெளிச்சம் பார்க்கவும் சகிக்கவில்லை, அது என் ரசனை.

மாட்டியதோடு வேலை முடியாது, குறி பார்க்க வேண்டும். மேடு பள்ளம் இல்லாத தரையில் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். குரோம் வளையத்தைக் கழற்றினால் திருகு தெரியும். எலக்ட்ரீசியன் காலி வண்டியில் பார்த்தால் போதும் என்றார். நான் டிக்கியில் உளுந்து மூட்டையை ஏற்றிவைத்துப் பார்க்கச் சொன்னேன். பின்னால் பட்டை ஸ்பிரிங்; பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். நான் ராத்திரி ஓட்டுவது பாரத்தோடுதானே.

கூலியும் சேர்த்து மூவாயிரத்துக்குச் சற்று மேலே போயிற்று. இப்போது வேகத்தடை முன்கூட்டியே தெரிகிறது, டிராக்டர் தெரிகிறது. ஒன்று மட்டும் தீரவில்லை: வண்டி ஐடிலில் நின்றால் வெளிச்சம் இறங்குகிறது. அது டைனமோவின் குணம், ரிலேயால் ஆகாது. ஐடிலிலும் போதிய கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் மாற்றினால் சரியாகும், ஆனால் அந்தச் செலவு வேறு. அதுவரை ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஹெட்லைட்டை அணைத்துவிட்டு பார்க்கிங் லைட்டோடு நிற்கிறேன்.